கூகைக் குஞ்சு

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு காலத்தில் பால்மரங்கள் நிறைந்திருந்த தோட்டம் அது. இப்போது எங்குப் பார்த்தாலும் செம்பனை. பழைய லயத்து வீடுகளில் சில குடும்பங்களே எஞ்சியுள்ளன. கடைசி வீட்டுச் சிறுமி படிவம் ஒன்றில் பயின்று வந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் அவள் கோழிகளுக்குத் தீனி போடச் சென்றாள். வேலியோரம் ‘ஸ்ஸ்ஸ்’ என்று சீறல் கேட்டது. பாம்பு என எண்ணிப் பின்வாங்கியவள், சற்று நேரம் கழித்து மெல்ல எட்டிப் பார்த்தாள். பஞ்சுருண்டை போன்ற ஒரு பறவைக் குஞ்சு மல்லாந்து கிடந்து, கூரிய நகங்களை விரித்துக் காட்டியது. அதன் வெண்ணிற முகம் இதய வடிவில் இருந்தது.

“பாட்டி, இங்கே வாங்களேன்!”

பாட்டி பார்த்ததும் முகம் சுளித்தார். “கூகை! தொடாதே கண்ணு, வீட்டுக்கு ஆகாது. தாத்தா இறந்த வாரம் இது கூரைமேல் உட்கார்ந்து அலறியது. வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடு.”

வேலிக்கு அந்தப் பக்கம் நாய்கள் திரிந்தன. சிறுமி ஒரு பழைய கூடையைக் கொண்டுவந்து குஞ்சின்மேல் கவிழ்த்தாள். அப்பா செம்பனைக் குலை அறுத்துவிட்டு வரும்வரை அங்கிருந்து நகரவில்லை.

“கம்பத்துப் பெட்டியிலிருந்து விழுந்திருக்கிறது. தரையில் கிடக்கும் குஞ்சுக்குத் தாய் பெரும்பாலும் இரை கொடுக்காது. பெட்டியில் விட்டால்தான் பிழைக்கும்,” என்றார் அப்பா.

செம்பனைப் பழங்களை எலிகள் கடித்துச் சேதப்படுத்தும். அதனால்தான் பல தோட்டங்களில் கம்பம் நட்டு, கூகைகளுக்கு மரப்பெட்டி வைக்கிறார்கள். மலாய்மொழியில் இப்பறவைக்குப் ‘புங்குக் ஜெலாப்பாங்’ என்று பெயர். ஜெலாப்பாங் என்றால் நெற்களஞ்சியம். தீபகற்ப மலேசியாவில் இது கூடு வைத்தது முதன்முதலாக 1968-இல், ஜொகூர்ச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பதிவானது. பாட்டியின் அச்சமோ அதைவிடப் பழையது. அது தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது.

அப்பா தடித்த கையுறை அணிந்து, குஞ்சைச் சாக்கில் பொதிந்துகொண்டு ஏறினார். சிறுமி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பெட்டிக்குள் மேலும் மூன்று குஞ்சுகள் இருந்தன. ஒன்று பெரியது, ஒன்று நடுத்தரம், மற்றொன்று மிகச் சிறியது. கூகை இரண்டு மூன்று நாள் இடைவெளியில் முட்டையிடும். குஞ்சுகளும் அதே இடைவெளியில் பொரிந்து வெளிவரும். மூலையில் தின்னாமல் வைத்திருந்த எலிகள் இரண்டு கிடந்தன. அப்பா ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். அந்த மாதம் எலிகளிடம் ஐந்து கோழிக் குஞ்சுகளைப் பறிகொடுத்திருந்த பாட்டி ஒன்றும் பேசவில்லை.

இரவு எட்டு மணிக்குப் பாட்டியும் பேத்தியும் வாசற்படியில் அமர்ந்திருந்தனர். வெள்ளையாக ஏதோ ஒன்று தலைக்குமேல் கடந்து போனது. சிறகடிக்கும் ஓசையே இல்லை. கூகையின் இறகோரங்கள் மென்மையானவை. எலிக்குக்கூட அது வருவது கேட்காது. பெட்டிக்குள் குஞ்சுகள் ஒன்றாகச் சீறின.

“இதுவும் எலிதானா?” என்று பாட்டி கேட்டார்.

“ஆமாம் அம்மா. எலி மருந்து மட்டும் வைத்துவிடாதீர்கள்,” என்றார் அப்பா. “மருந்து தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும். அதைத்தான் கூகை எளிதாகப் பிடிக்கும். பிறகு கூகையும் சாகும்.”

பாட்டி சட்டென எழுந்தார். கையில் நெகிழிப் பையை மாட்டிக்கொண்டு, டார்ச் விளக்குடன் கோழிக்கூண்டுப் பக்கம் விரைந்தார். முந்தின நாள் அங்கே அவர் நான்கு மருந்துக் கட்டிகளை வைத்திருந்தார். மூன்றுதான் கிடைத்தன.

சிறுமி விளக்கை வாங்கிக்கொண்டு, நான்காவதைத் தேடிக் கூண்டுக்கு அடியில் குனிந்தாள்.