எழுந்து நின்றால் ஏன் கவிழ்கிறது?

விடுமுறை நாளில் ஓர் அமெரிக்க ஏரி. தந்தையும் மகளும் இருவர் அமரும் கயாக் படகில் மீன் பிடிக்கிறார்கள் என்று கொள்வோம். தந்தை 70 கிலோ, மகள் 40, படகு 35. ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி படகு 145 லிட்டர் நீரை விலக்கி மிதக்கும். தூண்டிலில் மீன் சிக்கியதும் மகள் எழுகிறாள். எடை கூடவில்லை, ஆயினும் படகு தள்ளாடுகிறது!

படகு சாய்ந்தால், சாய்ந்த பக்கம் அதிகம் அமிழும். மிதப்பு மையமும் அப்பக்கம் நகர்ந்து படகை நிமிர்த்தும். அகலமான படகில் இந்நகர்வு அதிகம். மீன்பிடி கயாக்கை அகலமாகச் செய்வது அதனால்தான். (வேகம் குறையும், போகட்டும்!) எழுந்து நின்றாலோ ஈர்ப்பு மையம் உயர்கிறது. படகு சாயும்போது அது மிதப்பு மையத்தைத் தாண்டி வெளியே சென்றால், நிமிர்த்த வேண்டிய விசையே கவிழ்த்துவிடும். மிதவைச் சட்டை அணிவது இதற்காகவே.

சோப்புப் பெட்டியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒரு டார்ச் செல்லைக் களிமண்ணால் அதில் ஒட்டுங்கள். முதலில் படுக்கவைத்து, பிறகு நிறுத்தி, மெல்லச் சாய்த்துப் பாருங்கள்.