ஒரு கம்ப்யூட்டர், இரண்டு கேமராக்கள்: வீடியோ பேச்சில் மாற்றி மாற்றிக் காட்டுவது எப்படி?

கொடைக்கானல் மேல்மலையில் உள்ள கவுஞ்சியில் பூண்டு விளைகிறது. புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு. மேல்மலைப் பூண்டு பெரியகுளம் அருகே உள்ள வடுகபட்டி சந்தையில்தான் பெரும்பாலும் விலை போகிறது. மலையிறங்கிச் சரக்கைக் கொண்டு போன பின் "இந்தத் தரத்திற்கு இவ்வளவுதான்" என்று வியாபாரி சொன்னால், மூட்டையைத் திரும்ப ஏற்றிக் கொண்டு வர முடியுமா? கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டியதுதான். கிளம்பும் முன்பே வீடியோவில் பூண்டைக் காட்டிப் பேசினால் என்ன?

லேப்டாப் கேமரா உங்கள் முகத்தைப் பார்த்தபடி இருக்கும். பூண்டைக் காட்ட லேப்டாப்பையே தூக்கிக் கவிழ்ப்பார்கள் சிலர். பல்லும் தெரியாது, தோலின் நிறமும் தெரியாது. இன்னொரு வெப்கேமரா வாங்கி, மேஜை மீது கீழ்நோக்கிப் பொருத்திவிடுங்கள். கல்யாண மண்டபத்தில் வீடியோக்காரர் மணமேடைக்கு ஒரு கேமரா, வாசலுக்கு ஒரு கேமரா வைத்து, ஒரு பட்டனைத் தட்டி மாற்றி மாற்றித் திரையில் காட்டுகிறாரே, அதே வேலைதான் இது.

இதில் எளிய வழி, ஸூம் புரோகிராமிலேயே இருக்கிறது. வீடியோ ஐகான் அருகில் உள்ள சிறிய அம்புக்குறியைக் கிளிக் செய்திடுங்கள். இணைக்கப்பட்ட கேமராக்களின் பட்டியல் கிடைக்கும். தேவையானதைத் தேர்ந்தெடுக்கவும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஆல்ட் கீயுடன் என் கீயை அழுத்தினால், ஒவ்வொரு முறையும் அடுத்த கேமராவுக்கு மாறும். கூகுள் மீட் பயன்படுத்துபவர்கள் மூன்று புள்ளி மெனுவில் செட்டிங்ஸ் சென்று, வீடியோ பிரிவில் கேமராவை மாற்றலாம். (ஸ்கைப் மூலம் செய்யலாமா எனக் கேட்க வேண்டாம், அது 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது.)

இப்படி மாற்றும்போது படம் ஓரிரு நொடி மறைந்து, பிறகு வரும். அது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் ஓ.பி.எஸ். ஸ்டுடியோ என்ற இலவச புரோகிராமை இறக்கி நிறுவிக் கொள்ளுங்கள். சீன்ஸ் பகுதியில் பிளஸ் குறியை அழுத்தி 'முகம்', 'பூண்டு' என இரண்டு சீன்களை உருவாக்கவும். ஒவ்வொன்றிலும் சோர்சஸ் பகுதியில் வீடியோ கேப்சர் டிவைஸ் தேர்ந்தெடுத்து, அதற்குரிய கேமராவைத் தர வேண்டும். மூன்றாவதாக ஒரு சீன் அமைத்து, பூண்டு பெரிதாகவும் முகம் ஓரத்தில் சிறிதாகவும் தெரியச் செய்திடலாம். என் அனுபவத்தில் அதிகம் பயன்படுவது இந்த மூன்றாவதுதான். ஏற்கனவே ஒரு சீனில் சேர்த்த கேமராவை மறுபடி புதிதாகச் சேர்க்காமல், ஆட் எக்ஸிஸ்டிங் வழியாகச் சேர்த்திடுங்கள். இல்லையெனில் படம் வராமல் தகராறு செய்யும்.

அடுத்து ஸ்டார்ட் வர்ச்சுவல் கேமரா பட்டனை அழுத்துங்கள். ஸூமில் கேமரா பட்டியலில் ஓ.பி.எஸ். வர்ச்சுவல் கேமராவைத் தேர்ந்தெடுக்கவும். இனி சீனைக் கிளிக் செய்தாலே படம் மாறும். செட்டிங்ஸில் ஹாட்கீஸ் பிரிவில் சீனுக்கு ஒரு கீயும் ஒதுக்கலாம். ஒரு எச்சரிக்கை: ஸூம் ஏற்கனவே ஒரு கேமராவை நேரடியாகப் பிடித்து வைத்திருந்தால், பொதுவாக ஓ.பி.எஸ்.ஸுக்கு அது கிடைக்காது. முதலில் ஓ.பி.எஸ்., பிறகு ஸூம் என்ற வரிசையில் திறந்திடவும்.

புதியவர்கள் அதிகம் திணறுவது யு.எஸ்.பி. விஷயத்தில்தான். இரண்டு கேமராக்களையும் ஒரே ஹப்பில் செருகினால் சில சமயம் ஒன்று மட்டும் வேலை செய்யும்; மற்றது கருப்புத் திரை காட்டும். கேமரா கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கி ஓட வேண்டாம். கணக்கைப் பாருங்கள்: 1280 x 720 அளவுள்ள படம், சுருக்கப்படாமல் நொடிக்கு 30 பிரேம் வந்தால், ஏறத்தாழ 44 கோடி பிட்கள் ஆகும். யு.எஸ்.பி. 2.0 பாதையின் உச்ச வேகமே நொடிக்கு 48 கோடி பிட்கள்தான். ஒரு கேமராவே பாதையை அடைத்துவிடும். எனவே ஹப் இல்லாமல் கம்ப்யூட்டரின் தனித்தனி போர்ட்களில் செருகவும். அப்போதும் சிக்கல் என்றால் முகம் காட்டும் கேமராவை 640 x 480 எனக் குறைத்திடுங்கள். தேவை அங்கு 15 கோடிக்குள் அடங்கிவிடும். முகத்திற்கு அது போதும். பூண்டுக்குத்தான் தெளிவு வேண்டும்.

இரண்டு கேமரா என்றால் இன்டர்நெட் செலவும் இரண்டு மடங்கா? இல்லை. திரைக்கு வரும் ஒரு படம் மட்டுமே வெளியே போகிறது. இருவர் மட்டும் பேச, தெளிவான படத்திற்கு நொடிக்கு 600 கிலோபிட் வேகம் போதும் என்கிறது ஸூம். மலையில் சிக்னல் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாதே, அதனால் ஹெச்டி வசதியை நிறுத்தி வைப்பது நல்லது. இதே காரணத்திற்காக, ஸூமின் ஷேர் பிரிவில் இரண்டாவது கேமராவைப் பகிரும் வசதியை நான் இங்கு பரிந்துரைக்க மாட்டேன். அதில் இரண்டு படங்களும் ஒரே நேரத்தில் போகும்.

மலையடிவாரத்தில் இதற்கு ஒரு நல்ல முன்னோடி உண்டு. 2000களின் நடுவில் தேனிப் பகுதியில், அரவிந்த் கண் மருத்துவமனை கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, தொலைதூர வை-பை மூலம் கிராமக் கண் மையங்களை இணைத்தது. நோயாளி ஊரிலேயே அமர்ந்து வெப்கேமரா வழியாக டாக்டரிடம் பேசினார். அவ்வளவு பேரும் மருத்துவமனைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை.

ஒலியை மறந்துவிடாதீர்கள். புதிய வெப்கேமராவிலும் மைக் இருக்கும். விண்டோஸ் சில சமயம் அதற்கே தாவிவிடும். ஸூமின் ஆடியோ செட்டிங்ஸில் ஒரே மைக்கைத் தேர்ந்தெடுத்து, அதை மாற்றாமல் விட்டுவிடுங்கள். பூண்டைச் சாக்கில் இருந்து கொட்டும் ஓசை வியாபாரியின் காதைத் துளைக்க வேண்டாம்.

கவுஞ்சியில் மூடுபனி இறங்கினால் ஜன்னல் முழுக்க வெள்ளையாகிவிடும். அந்த வெளிச்சத்திற்கேற்பக் கேமரா தன்னைச் சரி செய்துகொள்வதால் பூண்டு கருத்துத் தெரியும். விலை அங்கேயே இறங்கிவிடும். ஜன்னலுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் அமர்ந்து, பூண்டுக்கடியில் சாம்பல் நிறத் துணியோ பழைய சாக்கோ விரித்திடவும். வீட்டில் ஒருவரை மொபைலில் அழைத்து ஒரு முறை ஒத்திகை பார்த்துவிட்டு வியாபாரியைக் கூப்பிடுங்கள்.