மூட்டு மாற்று அறுவை: ஜி.எச்.சா, தனியாரா?

அம்மாவின் முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாரா? இன்றிரவே செய்தாக வேண்டிய அறுவை அல்ல இது. விசாரிக்க நேரம் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் கேட்பதை விட்டுவிட்டு ஒரு தாளை எடுங்கள்.

முதலில் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். "எவ்வளவு நாளாகும்?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். மயக்க மருந்துக்கான பரிசோதனைகள் எந்தெந்தக் கிழமைகளில் நடக்கும், செயற்கை மூட்டு எப்படி வரும், நமக்கு முன்னால் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பிரித்துக் கேளுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் தேதி தள்ளிப்போகும். தனியாரிலும் அதே கதைதான்.

அடுத்து முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இது செல்லும். ஆனால் சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. எனவே 1800 425 3993 என்ற எண்ணில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று வாங்க அலையும் நாட்களையும் காத்திருப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தனியாரில் 'பேக்கேஜ்' எவ்வளவு என்பதைவிட அதில் எது சேராது என்பதுதான் முக்கியம். எழுத்தில் வாங்குங்கள். செயற்கை மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலை உச்சவரம்பு விதித்தது. பெரும்பாலோருக்குப் பொருத்தப்படும் கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு அப்போது 54,720 ரூபாய், வரி தனி. இந்த வரம்பு மூட்டுக்கு மட்டும்தான், டாக்டர் கட்டணத்துக்கோ ரூம் வாடகைக்கோ கிடையாது. பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

சொந்தமாக மெடிக்ளைம் இருக்கிறதா? மூட்டு மாற்றுக்கு இரண்டு, மூன்று ஆண்டு காத்திருப்பு விதிக்கும் பாலிசிகள் உண்டு. தனியாரில் வரிசையே இல்லை என்று நினைப்பவர்கள் இந்த வரிசையை மறந்துவிடுகிறார்கள். பாலிசியின் ரூம் வரம்பு 5,000 என்றிருக்க, 10,000 ரூபாய் அறையில் தங்கினால் பல பாலிசிகளில் அறுவைக் கட்டணத்திலும் பாதி உங்கள் தலையில் விழும்.

இப்போது தாளில் இரண்டு பத்தி போடுங்கள். அரசுப் பக்கத்தில் உடன் தங்குபவரின் சம்பள இழப்பு, ஆட்டோ, சாப்பாடு. தனியார் பக்கத்தில் பில்லோடு கடன் வட்டி. 2 லட்சத்தை இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 4,000 ரூபாய். மூன்று மாதம் காத்திருப்பதா, மூன்று வருடம் வட்டி கட்டுவதா என்பதுதான் உண்மையான ஒப்பீடு. அம்மாவுக்குக் கழிப்பறைக்கே நடக்க முடியவில்லை என்றால் மட்டும் அந்தக் கணக்கை ஓரமாக வையுங்கள்.

காலையில் ஜி.எச்.சிலும் மாலையில் சொந்த கிளினிக்கிலும் பார்க்கும் டாக்டரிடம் "எங்கே செய்யலாம்?" என்று கேட்கலாம், தப்பில்லை. பதிலை மட்டும் கொஞ்சம் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

எங்கே செய்தாலும் பிசியோதெரபி பல வாரம் தொடரும். ஒவ்வொரு முறையும் தனியாருக்குப் பணம் கட்டுவதற்கு முன், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றி விசாரியுங்கள். வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் ஏற்பாடு அதில் இருக்கிறது.