சுட்டும் பொருளும்: ஒரு மேனாட்டு மெல்லிசைப் பாட்டின் ஆராய்ச்சி

தோற்றுவாய்

பாட்டு என்பது சொல்லும் இசையும் கூடிப் பிறப்பதொன்று. சொல் பொருளை உணர்த்தும். இசை நெஞ்சை உருக்கும். இவ்விரண்டும் ஒத்து நடக்குமிடத்துப் பாட்டுச் சிறக்கும் என்பது யாவர்க்கும் உடன்பாடே. ஆயின், சொற்கள் தம்முள் முரணி நிற்க, இசையொன்றே உலகத்தாரைக் கவர்ந்ததாயின், அப்பாட்டினை நாம் எங்ஙனம் மதித்தல் வேண்டும்? கற்றார் இகழ்வது நேரோ? மற்றையார் புகழ்வது நேரோ? இவ்வினாவுக்கு விடை காணும் விருப்பினால் எழுந்ததே இச்சிறு கட்டுரை.

இவ்வாராய்ச்சியில் யாம் புகுந்த காரணத்தை மறையாது கூறுதலும் முறையே. ஒருநாள் மாலை எம் விடுதியில், சிற்றூரிலிருந்து வந்து முதலாண்டிற் பயிலும் மாணவன் ஒருவன், ‘பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ்’ என்னும் அமெரிக்கப் பாடற்குழுவினரின் ‘ஐ வான்ட் இட் தட் வே’ என்ற பாட்டைத் தனக்குட் பாடிக்கொண்டிருந்தான். குரல் இனிது, ஆங்கில உச்சரிப்போ பிழைபட்டது. கேட்டோர் நகைத்தனர், யாமும் நகைத்தோம். அவன் முகம் சிவந்தது. சற்றுப் பொறுத்து எம்மை நோக்கி, “பிழையிருந்தால் திருத்துங்கள், அண்ணா. ஆனால் அந்தப் பாட்டில் ‘அப்படி’ என்று வருகிறதே, அது எதைக் குறிக்கிறது?” என்றான். விடை கூற வாய் திறந்தோம், விடை வந்திலது. சுட்டுப்பெயரின் இலக்கணத்தை அவ்வாரந்தான் வகுப்பிற் கற்றிருந்தோம்!

பாட்டின் வரலாறு

இக்குழுவினர் ஐவர். ஏ. ஜே. மெக்லீன், ஹவி டரோ, நிக் கார்ட்டர், கெவின் ரிச்சர்ட்ஸன், பிரையன் லிட்ரெல் என்போர் அவர். 1993-ஆம் ஆண்டில், பிளாரிடா மாகாணத்து ஆர்லண்டோ நகரில், லூ பெர்ல்மன் என்னும் வணிகர் இக்குழுவை அமைத்தார். அந்நகரத்துச் சந்தையொன்றின் பெயரே குழுவின் பெயராயிற்று. இவர்களது புகழ் முதற்கண் ஐரோப்பாவிற் பரவி, அதன்பின்னரே தாய்நாட்டை எய்தியது.

ஈண்டு நோக்கத்தக்கது யாதெனின், இவ்வமெரிக்கர் பாடிய பாட்டை இயற்றினோர் அமெரிக்கர் அல்லர் என்பதே. மாக்ஸ் மார்ட்டின், ஆண்ட்ரியாஸ் கார்ல்ஸன் என்னும் ஸ்வீடன் நாட்டார் இருவர் இதனை இயற்றினர். ஸ்டாக்ஹோம் நகரத்துச் செய்ரான் என்னும் ஒலிப்பதிவுக்கூடத்தில் இது பதிவாயிற்று. அக்கூடத்தை நிறுவியோருள் ஒருவரும், மார்ட்டினுக்கு இத்தொழிலைக் கற்பித்தவருமான டெனிஸ் பாப் 1998-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இளவயதிலேயே இறந்தார். ஆசிரியரை இழந்த மாணாக்கர் அவ்விழப்புக்குப் பின் உலகுக்கு அளித்த பாட்டு இது.

1999-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இப்பாட்டு வெளிவந்தது. கிதார் நரம்பொலி மெல்லத் தொடங்க, தனிக்குரல் ஒன்று முதலில் எழும். பின்னர் ஐவர் குரலும் ஒருங்கு சேரும். இறுதியில் ஆதார சுருதியே ஒரு முழுப்படி உயர்ந்து, முன்பு கேட்ட அதே பல்லவி புதியதுபோல் ஒலிக்கும். இவ்வுயர்வு மேனாட்டு மெல்லிசையிற் பழகிய உத்தியே. ஆயினும் இங்கு அது பொருந்தி அமைந்தது.

பொருளாராய்ச்சி

இனி, எம் இளைய நண்பன் வினவிய வினாவுக்கு வருவோம். இப்பாட்டின் பெயராகிய தொடருக்கு ‘அதனை அவ்வாறே விரும்புகிறேன்’ என்று பொருள் கூறலாம். பாட்டின் தொடக்கத்தில் பாடுவோன் தன் காதலின் பெருமையைச் சொல்லி, அவ்வாறே தான் விரும்புவதாக உறுதி கூறுகின்றான். பல்லவியிலோ, நோவும் பிழையும் பற்றிய வினாக்களை அடுக்கி, அத்தொடரையே நீ சொல்ல நான் ஒருபோதும் கேட்க விரும்பேன் என்கின்றான். தான் விரும்பிச் சொல்லும் தொடரைக் காதலி சொல்லலாகாது என்று மறுப்பது முரண் அன்றோ?

இம்முரணைப் பதிவு நிறுவனத்தாரும் கண்டனர். எனவே, பொருள் தெளிவாக அமையும்படி சொற்களை மாற்றி வேறொரு வடிவமும் பதிவு செய்யப்பட்டது. பாடகர் ஐவரும் முதல் வடிவத்தையே விரும்பினர், அதுவே வெளியாயிற்று. தெளிந்த பொருளுடையது ஒதுக்கப்பட்டது. மயங்கிய பொருளுடையது உலகை வலம்வந்தது.

2018-ஆம் ஆண்டில் இவ்வினா மீண்டும் பொதுமக்களிடையே எழுந்தபோது, குழுவினர் தாமே விளக்கம் கூறினர். பல்லவியில் வரும் சுட்டு, அதற்கு முன்னர்ச் சொல்லப்பட்ட நெஞ்ச நோவையும் பிழைகளையும் பிரிவையுமே குறிக்கும் என்பது அவ்விளக்கத்தின் சாரம். சுட்டுச்சொல், தான் சுட்டும் பொருள் முன்னர்க் கூறப்பட்ட பின் வருதல் வழக்கு. செய்யுளில் அம்முறை மாறியும் வரலாம் என்பது நம் இலக்கண நூலாரும் கூறுவதே. அம்முறையால் நோக்கின், தொடக்கத்துச் சுட்டு காதலைக் குறிக்கும்; பல்லவியின் சுட்டு பிரிவைக் குறிக்கும். சுட்டு ஒன்று; சுட்டப்படும் பொருள் இரண்டு. ஆகவே இப்பாட்டு முற்றும் பொருளற்றது என்பார் கூற்றுப் பொருந்தாது. கேட்போர்க்கு வேற்றுமை புலப்படாவண்ணம் இரண்டிடத்தும் ஒரே தொடரை வைத்ததே குற்றம்.

அக்குற்றம் நேர்ந்தமைக்குக் காரணமும் உண்டு. மார்ட்டின் முதலியோர் மெட்டினை முன்னர் அமைத்து, அம்மெட்டின் அசைகளுக்கு ஒத்த சொற்களைப் பின்னர்த் தேடும் இயல்பினர். ஆங்கிலம் அவர்க்குத் தாய்மொழி அன்று. சொல்லின் ஓசையே அவர்க்கு முதன்மையாயிற்று. நம் இலக்கணத்தில் இசைநிறை எனவும் அசைநிலை எனவும் இடைச்சொற்களுக்கு ஒரு பணி வகுக்கப்பட்டிருத்தலை ஈண்டு நினைக்கலாம். ஆயினும் அப்பணி சிற்சில இடைச்சொற்களுக்கே உரியது. ஒரு முழுத்தொடரை அங்ஙனம் விடுதற்கு எந்நூலாரும் இடங்கொடார். ஆதலின் இப்பாட்டைச் சிறந்த செய்யுள் என யாம் கூறோம். நல்ல பாட்டு என்றே கூறுவோம். செய்யுளை அளக்கும் கோல் வேறு. பாட்டை அளக்கும் கோல் வேறு.

உலகம் ஏற்ற வகை

1999-ஆம் ஆண்டு மே மாதத்தில் இப்பாட்டுப் பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அமெரிக்கப் ‘பில்போர்ட்’ வரிசையில் 6-ஆம் இடம் எய்தியது. இதனை உள்ளடக்கிய ‘மில்லெனியம்’ என்ற இசைத்தொகுதி, அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 11 லட்சம் படிகளுக்கு மேல் விற்று, அந்நாள்வரை எத்தொகுதியும் காணாத எண்ணிக்கையைக் கண்டது. 2000-ஆம் ஆண்டுக் கிராமி விருதுகளில், ஆண்டின் சிறந்த பாட்டு, சிறந்த ஒலிப்பதிவு முதலியவற்றுக்கு இது முன்மொழியப்பட்டது. பரிசுகளோ சந்தானா என்னும் குழுவினரின் பாட்டுகளுக்குச் சென்றன.

புகழுடன் எள்ளலும் வந்தது. விமானநிலையத்தில் வெண்ணிற உடையணிந்து ஐவரும் பாட, இளமங்கையர் ஆரவாரிக்கும் இதன் திரைக்காட்சியை, ‘பிளிங்க் 182’ என்னும் குழுவினர் தம் பாட்டொன்றின் காட்சியில் நகையாடினர். 2003-இல் யாங்கோவிக் என்னும் நகைச்சுவைப் பாடகர், இம்மெட்டிலேயே இணைய ஏலக்கடையைப் பற்றிப் பாடினார். 2005-இல் சீனத்துக் குவாங்சோ நகரத்து நுண்கலை மாணவர் இருவர், தம் விடுதியறையில் அமர்ந்து, இப்பாட்டுக்கு வாயசைத்து முகக்குறி காட்டினர். பின்னால் அவர்தம் அறைத்தோழர் ஒருவர் கணினியே கண்ணாயிருந்தார். அக்காட்சியை உலகெங்கும் கண்டு களித்தனர். எள்ளுதற்கெனினும் எடுத்துப் பாடியோர் யாவரும் அம்மெட்டை மறக்க இயலாதவரே என்பதை நோக்குக.

இத்தகைய பாட்டை இகழ்வோர் பலர், பாட்டை விடுத்துக் கேட்போரையே இகழ்கின்றனர். ‘சிறுமியர் விரும்புவது’ என்ற ஒரு சொல்லால் வழக்கைத் தீர்த்துவிடுகின்றனர். ஒரு பொருளின் தரம், அதனை விரும்புவோரின் வயதாலும் பாலாலும் அறியப்படுவதன்று. விற்பனையின் பெருக்கும் தரத்துக்குச் சான்றன்று. இவ்விருவகைக் கோலும் கோணல் உடையனவே.

முடிவுரை

இவ்வாராய்ச்சியால் யாம் பெற்ற பயன் இரண்டு. பொருளைத் தேடாது இசையில் மயங்குதல் மாணவர்க்கு அழகன்று என்பது ஒன்று. பொருளைத் தேடிக் காணாமலே பிறரை நகைத்தல் அதனினும் இழிவு என்பது மற்றொன்று. ஸ்வீடன் நாட்டார் தமக்குத் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் இயற்றினர். அப்பாட்டைப் பாடிய ஒரு தமிழ் மாணவனை, ஆங்கிலம் தாய்மொழியல்லாத யாமே பிழை கூறி நகைத்தோம். அவனோ அங்கிருந்தார் அனைவரினும் நுட்பமான வினாவை எழுப்பினான்.

கட்டுரையை எழுதி முடித்த மாலையில் அவன் அறைக்குச் சென்று, சுட்டு ஒன்று, பொருள் இரண்டு என்று விளக்கினோம். அமைதியாகக் கேட்டான். “அப்படியானால் பாட்டில் பிழை இருக்கிறது. இருந்தாலும் பாடலாம், இல்லையா, அண்ணா?” என்றான். பாடலாம் என்றோம். சுருதி உயரும் இடத்தில் எம் குரல் உடைந்தது. அவன் குரல் உடையவில்லை. அவன் நகைக்கவும் இல்லை.