கேபிள் போட்டவருக்கு லாபமா, கேபிளில் வியாபாரம் செய்பவருக்கு லாபமா?



சங்கத்துக்கு வரும் உறுப்பினர்களில் சிலர் சமீப காலமாக நம்மிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "அண்ணாச்சி, கடைவீதி முழுக்க பைபர் கேபிள் இழுக்க ஆள் தேடுகிறார்கள். பங்கு போடலாமா? மாசா மாசம் சந்தா வந்துகொண்டே இருக்குமாமே!" என்பதுதான் அது. செல்போன் கம்பெனி ஷேர் வாங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. போடு என்றோ போடாதே என்றோ ஒரு வார்த்தையில் சொல்லிவிடக் கூடாது. இந்தத் தொழிலின் கணக்கு நம் கடைக் கணக்கிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அவரவரே முடிவு செய்துகொள்ளலாம். அதற்காகவே இந்தப் பாடம்.

சரக்குக் கணக்கும் கேபிள் கணக்கும்

நாம் 100 மூட்டை அரிசி கொள்முதல் செய்கிறோம். விலை இறங்கினால் மூட்டைக்கு 50 ரூபாய் நஷ்டத்தில் தள்ளிவிட்டு அடுத்த சரக்கில் ஈடு கட்டுகிறோம். முதல் பெரும்பாலும் திரும்பக் கைக்கு வந்துவிடும். மூட்டை விற்காவிட்டால் மூட்டையாவது கிட்டங்கியில் இருக்கும்.

டெலிபோன், இண்டர்நெட் தொழிலில் அப்படி இல்லை. முதல் வாடிக்கையாளர் ஒரு ரூபாய் தருவதற்கு முன்பே முதல் அத்தனையும் மண்ணுக்குள் போய்விடுகிறது. பள்ளம் தோண்டிய கூலியைத் திரும்ப எடுக்க முடியாது. அதே சமயம் கேபிள் போட்ட பிறகு ஒரு வாடிக்கையாளரைக் கூடுதலாகச் சேர்க்க ஆகும் செலவு மிகவும் குறைவு. நன்மையும் ஆபத்தும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை.

ஒரு ஊருக்குக் கேபிள் போட 1 கோடி ரூபாய் செலவு. வட்டி நூற்றுக்குப் பத்து என்றால் வருஷத்துக்கு 10 லட்சம். சாதனங்கள் பத்து வருஷத்தில் பழசாகிவிடும் என்பதால் தேய்மானம் 10 லட்சம். சம்பளம், கரண்ட், ரிப்பேர் 5 லட்சம். ஆக வருஷச் செலவு 25 லட்சம்.

வாடிக்கையாளர் 500 பேர் என்றால் ஆளுக்கு வருஷம் 5,000 ரூபாய். அதாவது மாதம் சுமார் 417 ரூபாய் வசூலானால்தான் அசல் கட்டும். அதே கேபிளில் 1,000 பேர் சேர்ந்தால் மாதம் 208 ரூபாய் போதும். கூட்டம் கூடக் கூட அடக்கவிலை இறங்குகிறது.

இப்போது அதே ஊரில் இரண்டாவது ஆள் வந்து இன்னொரு கோடி போட்டு இன்னொரு கேபிள் இழுக்கிறார். ஊரில் வாடிக்கையாளர் மொத்தமே 1,000 பேர். ஆளுக்கு 500. இருவருக்கும் அடக்கம் மறுபடி 417 ரூபாய் ஆகிவிடுகிறது. ஆனால் விலை ஏறாது, இறங்கும். ஒருவர் 300 என்பார், மற்றவர் 250 என்பார். எதுவரை இறங்குவார்கள்? நாம் கொள்முதல் விலைக்குக் கீழே விற்கத் தயங்குவோம். கேபிள்காரருக்கோ 1 கோடி ஏற்கெனவே மண்ணுக்குள் போய்விட்டது. நடப்புச் செலவான 5 லட்சம் வந்தால்கூடக் கடையைத் திறந்து வைத்திருப்பார். 500 பேருக்கு அது மாதம் 83 ரூபாய்தான். ஆக 417 அடக்கமான சரக்கு 83 வரை இறங்க இடம் இருக்கிறது. வட்டியும் தேய்மானமுமாக வருஷம் 20 லட்சம் முதலிலிருந்து கரையும். இதில் யாருடைய மூச்சு நீளமோ அவர் நிற்பார்.

கடலுக்குள் நடந்த கதை

இந்தக் கணக்கு உலக அளவில் ஒரு முறை நடந்து முடிந்திருக்கிறது. 1990-களின் கடைசியில் இண்டர்நெட் வளர்ச்சியைப் பார்த்துக் கண்டம் விட்டுக் கண்டம் கடலடிக் கேபிள் போட்டார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் போட்டார்கள். போதாததற்கு, ஒரே கண்ணாடி இழையில் பல நிற ஒளிகளை அனுப்பி அதன் கொள்ளளவைப் பல மடங்கு கூட்டும் சாதனங்களும் வந்துவிட்டன. சரக்கு குவிந்தது, விலை விழுந்தது. குளோபல் கிராசிங் கம்பெனி 2002 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. அதே வருஷம் ஜூலையில் வேர்ல்டுகாம் கொடுத்தது.

நமக்குப் பாடம் அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது. டைகோ நிறுவனம் 200 கோடி டாலருக்கும் மேல் செலவழித்து, உலகைச் சுற்றி 60,000 கிலோமீட்டருக்குப் போட்ட கேபிளை, டாடா நிர்வாகத்தில் இருந்த வி.எஸ்.என்.எல். 2005-ல் 13 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. பிளாக் என்ற கேபிள் கம்பெனியை ரிலையன்ஸ் 20 கோடியே 70 லட்சம் டாலருக்கு வாங்கியது. கட்டியவர் முதலை இழந்தார். ஏலத்தில் எடுத்தவருக்கு அடக்கவிலை குறைந்தது. கேபிள் மட்டும் உழைத்துக்கொண்டே இருந்தது. சமூகத்துக்கு லாபமான முதலீடு, போட்டவருக்கும் லாபமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நம் நாட்டுப் பேரேடு

நம் நாட்டில் 1994-ல் புதிய டெலிகாம் கொள்கை வந்தது. 1995 ஜூலை 31-ல் கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதிபாசு டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் செல்போனில் பேசினார். அப்போது நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். வரும் அழைப்புக்கும் காசு. லைசென்ஸ் ஏலத்தில் கம்பெனிகள் போட்டி போட்டு உயர்த்திக் கேட்டன. வியாபாரம் நினைத்தபடி வராததால் ஏலத்தொகையைக் கட்ட முடியவில்லை. 1999-ல் அரசு கொள்கையை மாற்றி, நிலையான தொகைக்குப் பதிலாக வருமானத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்றது. வியாபாரம் நடந்தால் பங்கு, நடக்காவிட்டால் சுமை இல்லை. விலை இறங்கியதற்கும் செல்போன் பரவியதற்கும் இந்த மாற்றம் பெரிய காரணம்.

ஆனால் அந்தப் பங்கிலும் வழக்கு வந்தது. எது வருமானம்? டெலிபோன் வருமானம் மட்டுமா, வாடகை, வட்டி போன்ற மற்ற வரவுகளும் சேருமா? கடையில் விற்ற சரக்குக்கு மட்டும் வரியா, மாடி வாடகைக்கும் சேர்த்தா என்று கேட்பது போன்ற சண்டை அது. 2019 அக்டோபர் 24-ல் சுப்ரீம் கோர்ட் அரசுப் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அசலோடு வட்டி, அபராதம், அபராதத்துக்கு வட்டி என்று சேர்ந்து கம்பெனிகளின் தலையில் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் விழுந்தது. பாக்கியைக் கட்ட முடியாத வோடபோன் ஐடியாவில் அரசே பாக்கிக்குப் பதில் பங்கு எடுத்துக்கொண்டது. 2025 ஏப்ரலில் அரசின் பங்கு சுமார் 49 சதவீதம் ஆனது. கடன் கொடுத்தவர் கடையில் பங்காளி ஆனது போலத்தான்.

இதற்கு நடுவே தலைமுறை மாற்றம் வேறு. 2010-ல் நடந்த 3ஜி ஏலத்தில் அரசுக்கு ரூ.67,000 கோடிக்கு மேல் கிடைத்தது. நாடு முழுவதற்குமான ஒரு உரிமத்தின் விலை ரூ.16,750 கோடி வரை போனதால், தனியார் கம்பெனி எதுவும் எல்லா வட்டாரங்களையும் எடுக்க முடியவில்லை. அந்த முதலைத் தேற்றுவதற்குள் 4ஜி வந்தது. 2016 செப்டம்பர் 5-ல் ஜியோ இறங்கியது. பேச்சு இலவசம், முதல் சில மாதங்கள் டேட்டாவும் இலவசம். ஒரு ஜி.பி. 200 ரூபாய்க்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது, சில ஆண்டுகளில் 10 ரூபாய் அளவுக்கு வந்தது. நாம் மேலே போட்ட 417-க்கும் 83-க்கும் நடந்த சண்டைதான் இது. ஏர்செல் 2018-ல் திவால் மனு கொடுத்ததும், சென்னையிலும் கிராமங்களிலும் ஜனங்கள் நம்பரை மாற்றிக்கொள்ள அலைந்ததும் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். வோடபோனும் ஐடியாவும் 2018-ல் ஒன்றாயின. ஒரு காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் இருந்த சந்தையில் மூன்று தனியாரும் அரசின் பி.எஸ்.என்.எல்.லும் மிஞ்சின.

2022 ஆகஸ்டில் முடிந்த 5ஜி ஏலத்தில் ரூ.1,50,173 கோடிக்கு அலைவரிசை போனது. இம்முறை 20 வருஷத் தவணை. ஆனால் 5ஜி வந்தபோது வாடிக்கையாளர் அதற்கென்று அதிகமாக ஒன்றும் தரவில்லை. 4ஜி கட்டணத்திலேயே கொடுத்தார்கள். எதிர்க்கடைக்காரர் ஏ.சி. போட்டால் நாமும் போடுகிறோம், அதற்காகச் சர்க்கரை விலையைக் கூட்ட முடிவதில்லை அல்லவா? கடைசியில் 2024 ஜூலையில் தனியார் மூவரும் 11 முதல் 25 சதவீதம் வரை கட்டணத்தை உயர்த்தினார்கள். கடைகள் குறைந்தால் விலை ஏறும் என்பது நமக்குத் தெரிந்த சந்தை நியாயம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அலைவரிசை என்பது மனை மாதிரி, சாதனம் கட்டடம் மாதிரி. 3ஜி சாதனத்தைக் கழற்றிய பின்பும் அந்த அலைவரிசையில் 4ஜி நடத்தலாம். மனை நிற்கிறது, கட்டடத்தைத்தான் பத்து வருஷத்துக்கொரு முறை இடித்துக் கட்ட வேண்டியிருக்கிறது. இந்தச் செலவைக் குறைக்கத்தான் பாரதி, வோடபோன், ஐடியா மூவரும் 2007-ல் இண்டஸ் டவர்ஸ் என்று கூட்டாக டவர் கம்பெனி அமைத்தார்கள். எதிரெதிர்க் கடைக்காரர்கள் ஒரே கிட்டங்கியைப் பொதுவில் வைத்துக்கொண்டது போல.

லாபம் எங்கே போகிறது?

கம்பி போட்டவர் இவ்வளவு திணறினார் என்றால் லாபம் யாருக்கு? பெரும்பகுதி கம்பிமேல் வியாபாரம் செய்தவருக்கு. படம் காட்டுபவர், விளம்பரம் விற்பவர், வீட்டு வாசலுக்கே சரக்கு அனுப்புபவர் ஆகியோர் பள்ளம் தோண்டவில்லை. அதனால்தான் பெரிய முதலாளி கம்பியோடு நிற்பதில்லை. 2020-ல் ஜியோ பிளாட்பார்ம்ஸில் பேஸ்புக் நிறுவனம் ரூ.43,574 கோடி போட்டு 9.99 சதவீதப் பங்கு எடுத்தது. அப்போது இரு தரப்பும் சொன்ன முக்கியத் திட்டம், வாட்ஸ்அப் மூலம் ஜியோமார்ட்டையும் மளிகைக் கடைகளையும் இணைப்பது.

இந்த இடத்தை உறுப்பினர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். கம்பியில் போட்ட முதலை மாதச் சந்தாவில் மட்டும் எடுக்க முடியாதவர், மளிகையில் எடுக்கப் பார்க்கிறார். நமக்கு டேட்டா மலிவாகக் கிடைத்தது உண்மை. கியூ.ஆர். அட்டை வைத்துச் சில்லறைத் தொல்லை இல்லாமல் பணம் வாங்குவதும் உண்மை. அதே மலிவான டேட்டாவில்தான் பத்து நிமிஷத்தில் பருப்பு கொண்டுவந்து தருபவரும் வந்தார். இந்தக் கம்பியின் முதலுக்கு வட்டி கட்டுகிறவர்களில் நாமும் ஒருவர்.

கிராமத்துக் கம்பி

ஆள் குறைந்த இடத்துக்குத் தனியார் போகமாட்டார், அடக்கம் கட்டாது. ஆகவே அரசு வருகிறது. 2011-ல் அனுமதி பெற்ற திட்டம், பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறி, இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளுக்குக் கேபிள் கொண்டுபோகப் பார்த்தது. முதலில் ரூ.20,000 கோடி என்றார்கள். 2023-ல் திருத்திய திட்டத்துக்கு ரூ.1,39,579 கோடி ஒதுக்கினார்கள். நம் மாநிலத்தில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் உள்ளது. ஊராட்சி அலுவலகம் வரை கேபிள் வந்தால் மட்டும் போதாது. அங்கிருந்து வீட்டுக்கும் கடைக்கும் இழுத்து, அறுந்தால் அன்றே ஒட்டி, சந்தா வசூலிக்க உள்ளூர் ஆள் வேண்டும். நம்மவர்களுக்கு வாய்ப்பு இருப்பது இந்தக் கடைசி ஒரு கிலோமீட்டரில்தான்.

நாம் பட்டது

1996-ல் நம் மண்டிக்குப் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் ஒன்று வைத்தோம். கண்ணாடிக் கேபின், மீட்டர், டெபாசிட் எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய் ஆனது. இரவில் கட்டணம் குறையும் நேரத்தில் தெருவரை வரிசை நிற்கும். இரண்டே வருஷத்தில் போட்ட முதல் வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் 2001-ல் பஸ் நிலையம் எதிரே ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் கொடுத்து இரண்டாவது பூத் திறந்தோம். 2003-ல் செல்போனில் வரும் அழைப்பு இலவசம் ஆனது. மூட்டை தூக்கும் தம்பி சட்டைப்பையிலிருந்து போன் எடுத்துப் பேசிய அன்றே நமக்குப் புரிந்திருக்க வேண்டும். 2006 வரை பிடிவாதமாக நடத்தி, கேபினைப் பழைய சாமான் கடைக்குப் போட்டோம். தொழில் ஒன்றுதான். முதல் பூத்தில் தலைமுறை மாறுவதற்கு முன் முதலை எடுத்துவிட்டோம், இரண்டாவதில் எடுக்கவில்லை.

பணம் போடுமுன் கேட்க வேண்டியவை

1. எத்தனை மாதத்தில் முதல் திரும்பும்? மூன்று வருஷத்துக்கு மேல் என்றால் யோசியுங்கள்.

2. அதே தெருவில் ஏற்கெனவே எத்தனை கேபிள் ஓடுகிறது? இரண்டுக்கு மேல் இருந்தால் 417, 83 கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

3. நிலையான தொகை கட்ட வேண்டுமா, வருமானத்தில் பங்கா? பங்கு என்றால் எது வருமானம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

4. கேபிள், சாதனம் யார் பெயரில் இருக்கும்? பெரிய கம்பெனி விலகினால் உங்கள் கையில் என்ன மிஞ்சும்?

5. கடன் வாங்கிப் போடுகிறீர்களா? கடை முதலை எடுத்துப் போடுகிறீர்களா? இரண்டும் வேண்டாம். போனால் போகட்டும் என்று தாங்கக்கூடிய தொகை மட்டும் போடுங்கள்.

ஷேர் வாங்க நினைப்பவர்களும் இதே கேள்விகளைக் கம்பெனியின் ஆண்டறிக்கையில் தேடிப் பார்க்கலாம். முக்கியமாகக் கடன் எவ்வளவு, அரசுக்குப் பாக்கி எவ்வளவு, ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதம் எவ்வளவு வருகிறது என்ற மூன்றையும் பாருங்கள்.

கேபிள் போடப் பணம் கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. யாரோ முதலை இழந்து போட்ட கம்பி நம் கடை வாசலில் மலிவாக ஓடுகிறது. வாடிக்கையாளர் பட்டியலைப் போனில் ஏற்றி, சீட்டை வாட்ஸ்அப்பில் வாங்கி, சரக்கை வீட்டுக்கு அனுப்ப அதைப் பயன்படுத்துவோம். பத்து நிமிஷக்காரருக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும். எந்த வீட்டில் எந்தத் தேதிக்கு எண்ணெய் தீரும், யாருக்கு மாதக் கணக்கு நம்பி எழுதலாம் என்பது நம் சிட்டையில் இருக்கிறது. அந்தச் சிட்டையோடு கம்பியையும் சேர்த்துக்கொண்டால், போடாத முதலுக்கும் நாம் வட்டி பார்க்கலாம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, கேபிள் பங்குக்கு உங்களிடம் கொடுத்த ஒப்பந்த நகலைக் கொண்டுவாருங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.