எந்த ஊர் மணங்கு?

“மகாதீபத்துக்கு 3500 லிட்டர் நெய்.” கார்த்திகை வந்தால் திருவண்ணாமலையில் இது தவறாமல் காதில் விழும். அந்த 3500 லிட்டரல்ல, கிலோ. கோயிலில் நெய்க் காணிக்கை வாங்குவதும் கிலோக் கணக்கில்தான். நெய் தண்ணீரைவிட லேசு. லிட்டருக்கு ஏறக்குறைய 910 கிராம்தான் நிற்கும். 3500 கிலோவை அளந்து ஊற்றினால் 3850 லிட்டரை நெருங்கும். சோழர் காலத்திலோ, நந்தா விளக்கொன்றுக்கு 96 ஆடுகள் விட்டு, நாளுக்கு உழக்கு நெய் என்று கல்லில் வெட்டினார்கள். உழக்கு முகத்தலளவை, நாழியில் கால். அதை நேரே கிராமாக்கி எழுதுவதும் இதே பிழைதான்.

“வீசை என்றால் ஒன்றரைக் கிலோ.” இல்லை, 1.4 கிலோ. பலம் 35 கிராம், 40 பலம் ஒரு வீசை. நூறு கிராம்தானே என்று விட்டுவிட முடியாது. பாட்டி சொன்ன பத்து வீசை வெல்லத்தில் ஒரு கிலோ கூடிவிடும்.

எட்டு வீசை ஒரு மணங்கு. இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். “மணங்கு 37 கிலோ” என்பது வங்காளத்துக் கணக்கு: 40 சேர், 37.32 கிலோ. சென்னை மாகாணத்து மணங்கு 25 ராத்தல், அதாவது பதினொன்றே கால் கிலோவை ஒட்டியது. தீபத்து நெய்யை நம் மணங்கில் சொன்னால் முந்நூற்றுக்கு மேல். வங்காள மணங்கில் 94கூட வராது. பழைய பத்திரத்தில் மணங்கு என்று கண்டால், எந்த ஊர் மணங்கு என்று கேட்காமல் பெருக்கக் கூடாது.

பொன்னில் வரும் குழப்பம் இதைவிடப் பெரியது. “ராஜா நூறு கழஞ்சு கொடுத்தார், இன்றைக்கு நூறு பவுன்” என்று கோயில் பிராகாரத்தில் விளக்கம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பவுன் சோழர் அறியாத அளவு. அது ஆங்கிலேயரின் தங்க நாணயம். அதன் எடை 7.988 கிராம், நம் நகைக்கடைகள் 8 கிராமாக எடுத்துக்கொள்கின்றன. கழஞ்சு ஏறக்குறைய 5.3 கிராம்தான். நூறு கழஞ்சு 530 கிராம், நூறு பவுன் 800 கிராம். கொடையை ஒன்றரை மடங்காக ஊதிச் சொன்னால் அரசனுக்குப் பெருமை கூடாது, கல்வெட்டின் மீதுள்ள நம்பிக்கைதான் குறையும். வெட்டியவர்கள் அத்தனை கவனமாக இருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ராசராசன் கொடுத்த பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும், நகைகளை ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுத்ததாகப் பெயர் சொல்லியே பொறித்திருக்கிறார்கள். எடையை மட்டும் சொன்னால் போதாது, எந்தக் கல்லால் நிறுத்தது என்பதையும் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

“குன்றிமணி எல்லாம் ஒரே எடை” என்பதும் சரியல்ல. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு என்பது வாய்பாடு. அதன்படி குன்றி சுமார் 130 மில்லிகிராம். செடியிலிருந்து பறித்த விதைகளோ பருமனிலும் எடையிலும் மாறுபடும். அந்த விதை கடும் நஞ்சு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழந்தைகள் கையில் விளையாடக் கொடுக்காதீர்கள்.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 அக்டோபர் முதல் கிலோ படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. வீட்டுப் பழைய கணக்கேட்டில் வீசை, மணங்கு கண்டால் அப்படியே விட்டு, பக்கத்தில் ஊர்ப் பெயரையும் கிலோவையும் பென்சிலால் எழுதிவையுங்கள்.