வேலிக்கால்களுக்கு வர்ணமா, தார்ப் பூச்சா?

தோட்டத்து மர வேலிக்கு வர்ணம் பூச எவ்வளவு செலவாகும் என்று விவசாயிகள் பலர் கேட்கிறார்கள். செலவைக் கணக்கிடுவது எளிது. அதற்கு முன், வேலிக்கால் எந்த இடத்தில் ஒடிகிறது என்பதைப் பார்க்க வேண்டும். விழுந்து கிடக்கும் பழைய கால் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேற்பகுதி நல்ல மரமாகவே இருக்கும். ஆழத்தில் புதைந்திருந்த அடிநுனியும் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். மண்மட்டத்தை ஒட்டி ஒரு சாண் அளவுதான் இற்றுப் போயிருக்கும்.

இதற்குக் காரணம் உண்டு. மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சாணத்திற்கு ஈரம், காற்று இரண்டும் வேண்டும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்திற்குக் கீழே இருந்தால் பூஞ்சாணம் வளராது. ஆகவே வெயிலில் காயும் மேற்பகுதி தப்பிவிடுகிறது. ஆழத்தில் ஈரம் இருந்தாலும் காற்று குறைவு. மண்மட்டத்தில்தான் இரண்டும் தாராளமாகக் கிடைக்கின்றன. கரையானும் மண்ணிலிருந்து ஏறி முதலில் அங்கேதான் கடிக்கிறது. மண்ணுக்கு மேலே தெரியும் பகுதிக்கு மட்டும் மூன்று கை வர்ணம் பூசினாலும் இந்த ஒரு சாண் இடத்திற்குப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. பளபளப்பான வேலி மறு மழைக்காலத்தில் சாய்கிறது. ஆடும் மாடும் கத்தரிப் பாத்தியில் நுழைகின்றன.

எல்லா மரமும் ஒன்றல்ல. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் 5 செ.மீ. சதுரமும் 60 செ.மீ. நீளமும் உள்ள கட்டைகளைக் கரையான் உள்ள நிலத்தில் பாதி புதைத்து, எத்தனை மாதம் தாங்குகின்றன என்று பார்ப்பார்கள். சராசரியாக 120 மாதத்திற்கு மேல் நின்றால் முதல் தரம். 60 மாதத்திற்குக் கீழே என்றால் கடைசித் தரம். தேக்கின் வைரப் பகுதி முதல் தரத்தில் சேரும். ஆனால் எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த நடுப்பகுதிக்குத்தான் இந்தப் பெருமை. சுற்றியுள்ள வெளிறிய வெள்ளைப் பகுதியைக் கரையான் விடாது. நம் விவசாயிகள் வாங்குகிற இளம் சவுக்குக் கம்பும் தைலமரக் கம்பும் பெரும்பாலும் வெள்ளைப் பகுதியே. கரையான் மிகுந்த நிலத்தில் இவை ஓரிரு ஆண்டில் ஒடிவதில் வியப்பில்லை.

இனி கணக்கைப் பார்ப்போம். சதுரமான ஒரு ஏக்கரின் சுற்றளவு சுமார் 835 அடி. 8 அடிக்கு ஒரு கால் என்றால் 105 கால்கள் வேண்டும். ஒவ்வொன்றும் 6½ அடி நீளம், 4 அங்குலக் கனம். அதில் 2 அடி மண்ணுக்குள். நான்கு அங்குலக் கம்பின் சுற்றளவு ஒரு அடிக்குச் சற்று அதிகம். ஆகவே மேலே தெரியும் 4½ அடிக்கு வர்ணம் பூச, எல்லாக் கால்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 500 சதுர அடி வரும். சொரசொரப்பான கம்பில் ஒரு லிட்டர் பிரைமர் 80 சதுர அடிக்கும், அதன் மேல் ஒரு லிட்டர் எனாமல் வர்ணம் 100 சதுர அடிக்கும் போதும் என்று கொள்ளலாம். (டப்பாவில் அச்சிட்டிருக்கும் அளவு வழவழப்பான பலகைக்குரியது. அதை நம்பி வாங்கினால் பாதியில் தீர்ந்துவிடும்.) பிரைமர் ஒரு கை 6 லிட்டர், எனாமல் இரண்டு கை 10 லிட்டர், ஆக 16 லிட்டர். லிட்டர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4,800 ரூபாய். டர்பன்டைன், உப்புத்தாள், ஆள் கூலி தனி.

மண்ணுக்குள் போகும் 2 அடிக்கும் அதற்கு மேல் ஒரு அடிக்கும் மட்டும் தார்ப் பூச்சு கொடுத்தால் மொத்தம் 330 சதுர அடிதான். கறுப்புப் பிட்டுமன் வர்ணம் ஒரு கைக்கு 5 லிட்டர், இரண்டு கைக்கு 10 லிட்டர். லிட்டர் 200 ரூபாய் என்றால் 2,000 ரூபாயில் முடிகிறது. உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால் அடிப்பூச்சுக்கே செலவிட வேண்டும் என்பது என் கருத்து.

பூசும் முறையில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். முதலில் பட்டையை முழுவதும் உரித்துவிட வேண்டும். பட்டைக்கும் மரத்துக்கும் இடையில்தான் பூச்சிகள் குடியேறும். பட்டை மேல் பூசிய தார் பட்டையோடு கழன்று விழும். உரித்த கம்புகளைத் தரையில் போடாமல், கற்கள் மேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று மாதம் உலரவிட வேண்டும். பச்சைக் கம்பில் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு கொப்பளித்து உரியும். தை அறுவடை முடிந்து மாசி, பங்குனி மாதங்களில் பூசுவது நல்லது. அடிநுனியின் வெட்டுமுகம் பக்கங்களைவிடப் பல மடங்கு நீரை உறிஞ்சும். ஆகவே அந்த நுனியில் தாராளமாகப் பூச வேண்டும். முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே இரண்டாவது. மேல்நுனியை மழைநீர் வழியும்படிச் சரிவாகச் சீவி, அதிலும் ஒரு கை பூசிவிடலாம்.

இதைவிடப் பலன் தருவது மயில்துத்தக் கரைசலில் ஊறவைப்பது. தூரிகையால் பூசுவது மேலோடு நிற்கும். ஊறவைத்தால் மருந்து மரத்துக்குள் இறங்கும். இதற்குக் கம்பு பச்சையாக இருக்க வேண்டும். வெட்டிய மறுநாளுக்குள் பட்டையை உரித்து, 20 லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம் கரைத்த பிளாஸ்டிக் பீப்பாயில் அடிப்பாகம் மூழ்கும்படி ஒரு வாரம் நிறுத்திவைக்கலாம். 200 லிட்டர் பீப்பாயில் ஒரே நேரத்தில் சுமார் 20 கம்புகள் நிற்கும். அவற்றைச் சுற்றி 80 லிட்டர் கரைசல், அதாவது 4 கிலோ மயில்துத்தம் தேவைப்படும். குறையக் குறைய அதே விகிதத்தில் கரைத்து ஊற்ற வேண்டும். இரும்பு டிரம் கூடாது, மயில்துத்தம் அரித்துவிடும். மயில்துத்தம் மட்டும் இருந்தால் மழையில் சிறிது சிறிதாகக் கரைந்து போகும். ஆகவே கம்பு உலர்ந்தபின் அதன் மேல் தார்ப் பூச்சும் அவசியம். ஆடு மாடு அந்தக் கரைசலில் வாய் வைத்துவிடாமல் மூடிவைக்க வேண்டும். மிச்சத்தை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டக்கூடாது, மீனுக்கு அது நஞ்சு.

கிராமங்களில் அடிப்பாகத்தைத் தீயில் கருக்கி நடுவது வழக்கம். கருக்கும்போது மரம் வெடிக்கிறது, அந்த வெடிப்பு வழியாக ஈரமும் கரையானும் உள்ளே போகின்றன. கருக்கியதை மட்டும் நம்பி நடுவதை நான் சிபாரிசு செய்வதில்லை. டிராக்டரில் வடித்த பழைய ஆயிலைப் பூசுவோரும் உண்டு. செலவில்லாத மருந்து என்று தோன்றும். ஆனால் அதற்குப் பூஞ்சாணத்தைத் தடுத்து நிற்கும் சக்தி நெடுநாள் இல்லை. அதிலுள்ள உலோகக் கழிவுகள் காய்கறி மண்ணில் சேரும். கரையானுக்காகக் குழியில் ஆல்ட்ரின், பி.எச்.சி. தூள் இடும் வழக்கமும் ஒரு காலத்தில் இருந்தது. ஆல்ட்ரின் 1996-லும் பி.எச்.சி. 1997-லும் தடைசெய்யப்பட்டவை. பழைய பொட்டலம் வீட்டில் கிடந்தாலும் தொட வேண்டாம். முந்திரி பதப்படுத்தும் பண்ருட்டிப் பக்கத்தில் உள்ளவர்களுக்கு முந்திரித் தோட்டு எண்ணெய் கிடைக்கும். படகுகளுக்குப் பூசுவது அதுதான், கம்புக்கும் ஏற்றது. கையில் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும், உறை அணிந்தே பூச வேண்டும்.

நடும்போது குழியின் அடியில் நாலு விரல் கனத்திற்கு ஜல்லி போட்டால் நீர் தேங்காது. காலைச் சுற்றி மண்ணை அணைத்துக் கெட்டித்து, நீர் விலகி ஓடும்படிச் சரிவாக விடுங்கள். தார் பூசிய கோட்டுக்கு மேலே மண்ணோ எருவோ குவியக்கூடாது. குவிந்தால் கரையான் பூச்சைத் தொடாமலே மேலே ஏறிவிடும்.

வர்ணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாசற் படலுக்கும் வீட்டுமுன் பூந்தோட்டத்தின் ரீப்பர் வேலிக்கும் அது தேவையே. அவற்றின் பலகை மெல்லியது. வெயிலிலும் மழையிலும் விரிந்து சுருங்கிப் பிளந்துபோகும், ஆணி கழலும். வர்ணம் அதைத் தடுக்கிறது. உப்புத்தாள் தேய்த்து, ஆணித்துளைகளையும் பலகை நுனிகளையும் முதலில் அடைத்து, ஒரு கை பிரைமர், இரண்டு கை எனாமல். ரீப்பரைச் சட்டத்தில் அடிப்பதற்கு முன்பே பிரைமர் பூசிவிட்டால் இரண்டும் சேரும் மறைவிடத்திற்கும் பாதுகாப்பு கிடைக்கும்.

வாங்கும்போது ஈயம் இல்லாத வர்ணமா என்று டப்பாவில் பார்க்க வேண்டும். வீட்டு உபயோக வர்ணத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்திய வர்ணம் பூசிய படலில் ஈயம் இருக்கலாம். கன்றுக்குட்டிகள் நக்கும் பழக்கமுள்ளவை. உரிந்த பழைய வர்ணத்தைத் தின்று ஈய நஞ்சால் அவை இறப்பதுண்டு. அத்தகைய படலை உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூசி பறக்கும். நனைத்துத் தேய்த்து, சுரண்டல்களைத் துணியில் சேர்த்து எடுத்து, தொழுவத்துக்கும் குழந்தைகளுக்கும் எட்டாமல் அப்புறப்படுத்த வேண்டும்.

ஏற்கெனவே நட்ட வேலியானால், சித்திரை வெயிலில் காலைச் சுற்றி முக்கால் அடி தோண்டி, மண்ணைச் சுரண்டி, மூன்று நான்கு நாள் காயவிட்டுத் தார் பூசி மூடலாம். தோண்டும்போது திருப்புளி நுனியால் மரத்தைக் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்குள் கெட்டி மரம் தட்டினால் பூச்சு பயன்படும். நுனி ஒரு அங்குலம் தடையில்லாமல் இறங்கினால் அந்தக் காலுக்குத் தார் வீண். இற்ற பகுதியை அறுத்தெறிந்து, மூன்றடிக் கல்தூண் துண்டை நட்டு அதோடு மேல்மரத்தைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட வேண்டியதுதான்.